நாற்பத்தொரு அங்குலம்

ஏப்ரல் 9, செவ்வாய்

ட்ரெய்லர் வந்து சேர்ந்தது. இருபத்தேழு அடி நீளம், பத்து வருடப் பழசு. உள்ளே சமையலறை, குளியலறை, படுக்கையறை எல்லாம் இருக்கிறது. முன்பகுதி உயர்ந்து, ட்ரக்கின் பெட்டிக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் வகை. இதை ஐந்தாம் சில்லு ட்ரெய்லர் என்பார்கள். அந்தச் சில்லு உண்மையில் சக்கரமே அல்ல. ட்ரக்கின் பின்பெட்டிக்குள் பூட்டும் ஒரு கொளுவி. ட்ரெய்லரின் கழுத்துக்குக் கீழே இருக்கும் தடித்த இரும்பு ஊசி அதற்குள் போய் விழுந்து பூட்டிக்கொள்ளும்.

எனக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. முப்பத்தொரு வருடம் ஐம்பத்துமூன்று அடிப் பெட்டிகளை இதே கொளுவியில் மாட்டி, பிரம்டனிலிருந்து வன்கூவர்வரை இழுத்தவன் நான். ஓடிய நேரம், நின்ற நேரம், நின்ற இடம் எல்லாம் எழுதிவைப்பது சாரதிகளுக்குச் சட்டம். பிறகு அதற்கு மின்கருவி வந்துவிட்டது. ஆனாலும் நான் என் கொப்பியில் தனியாக எழுதிவந்தேன். ஓய்வுபெற்று ஐந்து மாதமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதனால்தான் இந்தக் கொப்பி.

மனைவி பவளத்தைச் சக்கரக் கதிரையில் யன்னலுக்குக் கொண்டுவந்து காட்டினேன்.

"பாரும், வந்திட்டுது. உமக்காகத்தான் வாங்கினது."

வெகுநேரம் பார்த்தாள். "வேண்டாம்," என்றாள்.

இதை யாரும் தவறாக எடுக்கக்கூடாது. நவம்பரில் பாரிசவாதம் வந்ததிலிருந்து அவளுடைய வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது இந்த ஒரு சொல். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டாலும் வேண்டாம் என்பாள், பிறகு வாங்கிக் குடிப்பாள். குளிருதோ என்றாலும் வேண்டாம். மூளையில் ஒரு சொல் இப்படிச் சிக்கிக்கொள்வது உண்டு, அதற்குள் அர்த்தம் தேடத் தேவையில்லை என்று வைத்தியசாலையில் டாக்டர் சொன்னார். நான் தேடுவதில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

அளவு நாடாவோடு ஒரு நாள் போனது.

கொளுவியின் நடுவிலிருந்து ட்ரக்கின் பின்கண்ணாடிவரை நாற்பத்தொரு அங்குலம். ட்ரெய்லரின் அகலம் எட்டு அடி. அப்படியென்றால் ஊசியிலிருந்து பக்கத்துக்கு நாற்பத்தெட்டு. நேரே ஓடும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. இறுக்கமாகத் திரும்பும்போதுதான் ட்ரெய்லரின் முன்மூலை சுழன்று ட்ரக்கின் முதுகை நோக்கி வரும். நாற்பத்தொன்றுக்குள் நாற்பத்தெட்டு அடங்காது. மீதி ஏழு அங்குலம் கண்ணாடிக்கு உள்ளே இருக்கும்.

குட்டைப் பெட்டி ட்ரக் வாங்கியது பிழை என்று சொல்லமாட்டேன். நான்கு கதவு வேண்டும், பின் இருக்கை அகலமாக இருக்க வேண்டும். பவளத்தைத் தூக்கி இருத்த அதுதான் வசதி. அவ்வளவு பெரிய கபினோடு நீளப் பெட்டியும் என்றால் எங்கள் வீட்டு வாசலில் நிற்காது.

கொளுவி பூட்டும் ஹர்ஜித்திடம் கொண்டுபோனேன். குட்டைப் பெட்டிக்காரர் எல்லோருக்கும் இதே தலையிடிதான் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான். நகரும் கொளுவி ஒன்று காட்டினான். நெம்புகோலை இழுத்துவிட்டு, ட்ரெய்லரின் பிரேக்கைப் பிடித்தபடி ட்ரக்கை மெதுவாக முன்னே எடுத்தால், கொளுவி பத்து அங்குலம் பின்னால் போய் நிற்கும். திருப்பம் முடிந்ததும் மறுபடி பழைய இடத்துக்குத் தள்ளிப் பூட்ட வேண்டும். தானாக நகரும் வகையும் இருக்கிறது, வர ஆறு கிழமை செல்லும்.

எனக்கு ஆறு கிழமை பொறுக்க ஏலாது. கையால் இழுப்பதையே பூட்டச் சொன்னேன்.

"ஒவ்வொரு தடவையும் இறங்கி இழுக்க வேணும் அங்கிள். ஒருக்கா மறந்தால் கண்ணாடி போயிடும்," என்றான்.

நான் எத்தனை வருடம் ஓடியவன் என்று சொன்னேன். அவன் கொளுவியைப் பூட்டத் தொடங்கினான்.

ஏப்ரல் 13, சனி

மழை. பவளத்துக்கு நகம் வெட்டினேன். இடது கையைத் தரவில்லை. வலது கை நகங்களை மட்டும் வெட்டினேன்.

ஏப்ரல் 20, சனி

இந்த வகை ட்ரெய்லரில் படுக்கையறை மேலே, கழுத்துப் பகுதியில் இருக்கிறது. மூன்று படி ஏற வேண்டும். பவளத்தால் முடியாது. அதனால் பின்பக்கமிருந்த சோபாவைக் கழற்றி எறிந்துவிட்டு, வைத்தியசாலைக் கட்டில் ஒன்றைப் போட்டிருக்கிறேன். தலை முன்பக்கம், கால் பின்பக்கம். பக்கத்தில் பெரிய யன்னல். பான்ஃப் போனதும் படுத்தபடியே மலையைப் பார்க்கலாம்.

இன்று ட்ரக்கோடு மாட்டிவைத்து மட்டம் பார்த்தேன். முன்பக்கம் மூன்று அங்குலம் உயர்ந்து நிற்கிறது. இப்போதைய ட்ரக்குகள் எல்லாம் உயரம். ட்ரெய்லர் பழசு, உயரம் குறைவு. கொளுவியை மூன்று துளை கீழே இறக்கினால் மட்டம் வரும். ஆனால் அப்படி இறக்கினால் ட்ரக் பெட்டியின் விளிம்புக்கும் ட்ரெய்லரின் வயிற்றுக்கும் இடையில் மூன்று அங்குலம்தான் மிஞ்சும். மேடு பள்ளத்தில் ஏறினால் ஒன்றோடொன்று மோதும். ஆறு அங்குலமாவது இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு துளை மட்டும் இறக்கினேன். ஐந்து அங்குல இடைவெளி. இரண்டு அங்குலச் சரிவு.

அந்தக் கட்டிலில் நானே படுத்துப் பார்த்தேன். இரண்டு அங்குலம் தெரியவே இல்லை. எனக்கு இரண்டு காலும் வேலை செய்கிறது என்பது எழும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நிறுத்துமிடத்தில் ட்ரக்கைக் கழற்றிவிட்டு, ட்ரெய்லரின் முன்கால்களை இறக்கிச் சரிபண்ணலாம். ஒரு இரவுக்கு அவ்வளவு வேலை தேவையில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

மயூரதி வந்தாள். எங்களுடைய ஒரே மகள். மார்க்கம் நகரில் இருக்கிறாள், மருந்துக்கடை நடத்துகிறாள். தாயைக் குளிக்க வார்த்து, தலை பின்னிவிட்டு, பிறகு என்னுடைய வரைபடத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா இது? பான்ஃப் போறதுக்கு ஏன் அமெரிக்காவுக்குள்ளால போறியள்?"

"அது நல்ல றோட்டு."

"அம்மாவின்ர காப்புறுதி அங்க செல்லாது. வழியில ஏதும் நடந்தால் என்ன செய்வியள்? சுப்பீரியர் ஏரிக்கரையால போனால் கனடாவுக்குள்ளயே போயிடலாமே. வினிபெக்கில ஒரு நாள் நிண்டு..."

"வினிபெக் றோட்டு சரியில்ல. முழுக்கத் திருத்த வேலை."

மயூரதி என் முகத்தைப் பார்த்தாள். தாயையும் பார்த்தாள். பவளம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல அம்மாவுக்குப் போக விருப்பமோ எண்டு கேட்டியளோ?"

"அவ எத்தினையோ தரம் கேட்டவ, என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு. உனக்கு என்ன தெரியும்?"

"அது இருபத்தைஞ்சு வருஷத்துக்கு முந்தி அப்பா."

சாப்பிடாமல் போய்விட்டாள். கோழிக்கறி அப்படியே கிடந்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு

காலை ஆறுக்கு எழுப்பி, துணி மாற்றி, மாத்திரை கொடுத்து, கையை நீட்டி மடக்கும் பயிற்சி. பதினொன்றுக்குப் புட்டு அவித்தேன். இறுகிவிட்டது. பாலில் ஊறவிட்டு ஊட்டினேன். இந்த அடுப்பில் அவள் முப்பது வருடம் நின்று சமைத்திருக்கிறாள். எது எந்தப் போத்தலில் இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சீரகமும் பெருஞ்சீரகமும் எடுத்தெடுத்து மணந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பின்னேரம் அவளுக்குப் பக்கத்தில் இருந்து மலைகளைப் பற்றிச் சொன்னேன். ஒரு ஏரி இருக்கிறது, பச்சையுமில்லை நீலமுமில்லை, அப்படி ஒரு நிறம். முதல்தடவை பார்த்தபோது வண்டியை நிறுத்தி, பொதுத் தொலைபேசியில் காசு போட்டு அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். தொண்ணூற்றெட்டு என்று நினைக்கிறேன். அப்போதுதான் கேட்டாள், ஒருநாளைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ என்று. பிள்ளையின் பள்ளிக்கூடம், கம்பனி ஆட்களை ஏற்ற விடாது, இப்படி ஏதோ சொன்னேன். இரண்டு மூன்று வருடம் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. ஏன் நிறுத்தினாள் என்று நான் யோசித்ததில்லை. களைத்துப்போயிருப்பாள்.

"இந்த முறை கட்டாயம் காட்டுறன்," என்றேன்.

"வேண்டாம்."

"சரி சரி. படுத்திரும்."

மே 4, சனி

மூடிய கடைத்தொகுதி ஒன்றின் வெறும் வாகனத் தரிப்பிடத்தில் ஓடிப் பார்த்தேன். தனியாக. பவளத்தோடு ஒரு பராமரிப்புப் பெண் நின்றாள்.

கொளுவியைப் பின்னால் நகர்த்திவிட்டுத் திரும்பினால் மூலைக்கும் கண்ணாடிக்கும் இடையில் மூன்று அங்குலம் நிற்கிறது. ஒரு கை வைக்கலாம். நகர்த்தாமல் எவ்வளவுக்குத் திரும்பலாம் என்றும் பார்த்தேன். பாதிக்கும் கொஞ்சம் மேலே. அங்கே ட்ரக்கின் கதவில் ஒரு சின்ன நாடா ஒட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். கண் பழகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் இறங்கத் தேவை வராது.

மே 8, புதன்

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் கிளேர் வந்தாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவாள், இளம் பெண். தமிழ் தெரியாது. பவளம் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சொல் ஒன்றுதான், ஆனால் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கவில்லை என்றாள். சிலது மேலே போகிறது, சிலது கீழே விழுகிறது. கவனித்துக் கேட்டால் உங்களுக்குப் பிடிபடும் என்றாள்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். டாக்டர் பத்து நிமிடம்தானே கேட்டார் என்றாள்.

மே 11, சனி

நீண்ட பயணத்துக்கு முன் ஒரு ஒத்திகை. இரண்டு மணி நேரத் தூரத்தில் ஏரிக்கரைப் பூங்கா ஒன்று. ட்ரெய்லர்களை நிறுத்த மரங்களுக்கு இடையில் தனித்தனி இடம் விட்டிருக்கிறார்கள். ஒரு இரவு. மயூரதிக்குச் சொல்லவில்லை. சொன்னால் வந்து நின்று அழுவாள்.

பவளத்தை என் இருக்கைக்குப் பின்னால் இருத்தினேன். அந்தப் பக்கம் என்றால் நல்ல இடது கையால் கதவுப் பிடியைப் பிடிக்கலாம். வழியெல்லாம் பிடித்தபடிதான் வந்தாள்.

நிறுத்திய இடம் கொஞ்சம் சரிவு. ட்ரக்கைக் கழற்றிவிட்டு முன்காலை இறக்கி மட்டம் பார்த்திருக்கலாம். அவளைத் தூக்கி இறக்கி, ட்ரெய்லருக்குத் தண்ணீர்க் குழாய் பூட்டி, துணி மாற்றி, கஞ்சி வைத்து ஊட்டி முடியவே என் முதுகு விட்டுப்போனது. நாளைக் காலை புறப்படத்தானே போகிறோம் என்று மாட்டியபடியே விட்டேன்.

தண்ணீர் நல்ல அமைதியாக இருந்தது. "வடிவாயிருக்குதல்லே?" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லைக்கூட.

மே 12, ஞாயிறு

முதலில் காலையை எழுதுகிறேன்.

படியிறங்கி வந்து பார்த்தபோது பவளம் கட்டிலின் கால்மாட்டில் இருந்தாள். இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கி, முழங்கால் மடிந்து, கட்டிலின் இரும்பில் பாதம் இடித்துச் சிவந்திருந்தது. உடுப்பு இடுப்புக்கு மேலே ஏறியிருந்தது. இழுத்துவிடக் கை எட்டவில்லை. மேலே படுத்திருந்த எனக்கு இரவில் சத்தம் கேட்டது உண்மை. வேண்டாம், வேண்டாம் என்று. கனவாக இருக்கும் என்று திரும்பிப் படுத்தேன்.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே," என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

பத்து மணிக்குப் புறப்பட்டோம். வாசலுக்குப் போகும் வழியில், இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே வலது பக்கம் இறுக்கமான ஒரு திருப்பம். வரும்போது அது இல்லை, வெளியே போகும் பாதை வேறு. நிறுத்தி, இறங்கி, நெம்புகோலை இழுத்திருக்க வேண்டும். பின்னால் ஒரு வாகனம் காத்துக்கொண்டு நின்றது. முதுகு நொந்தது. கண்ணளவில் போதும் என்று பட்டது. கதவில் ஒட்டிய நாடாவைப் பார்த்தேன், இன்னும் இடமிருந்தது. அப்படித்தான் நினைக்கிறேன்.

பாதித் திருப்பத்தில் பவளம் தொடங்கினாள். "வேண்டாம்."

"பயப்பிடாதேயும். இப்ப திரும்பி முடிஞ்சிடும்."

"வேண்டாம். வேண்டாம்." குரல் மேலே போனது. இடது கையால் என் இருக்கையின் முதுகில் அடித்தாள். கண்ணாடியில் பார்த்தேன், தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ட்ரெய்லரின் மூலை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வந்துகொண்டிருந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுது பவளம், முடிஞ்சுது. சும்மா இரும்," என்று அதட்டினேன். இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

பெரிய சத்தம். பிறகு கண்ணாடி கொட்டிக்கொண்டே இருந்தது.

காதுக்குப் பின்னால் ஐந்து தையல். தோளில் கன்றிய காயம். ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் என்று அம்புலன்ஸில் வந்த பெண் சொன்னாள், சொல்லி முடிக்கவில்லை. பவளத்தின் பின்னலுக்குள் கண்ணாடித் துண்டுகள். அவள் அழவில்லை. அந்தச் சொல்லையும் அதற்குப் பிறகு சொல்லவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

மயூரதி வந்து தாயைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். என்னோடு பேசவில்லை.

மே 13, திங்கள்

கபினைத் துப்புரவு செய்தேன். கதவுப் பிடியில் அவளுடைய விரல் அடையாளம்.

மே 19, ஞாயிறு

மார்க்கத்துக்குப் போனேன். பவளம் நித்திரை. குசினியில் இருந்து பேசினோம்.

"ஒரு பிழை நடந்திட்டுது," என்றேன். "இனிமேல் நகரும் கொளுவியை ஒவ்வொரு முறையும்..."

"அப்பா, நிப்பாட்டுங்கோ." மயூரதி சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயம். "கொளுவியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதேங்கோ. அண்டைக்கு நவம்பரில அம்மா உங்களுக்கு எடுத்தவ. தெரியுமோ?"

"வண்டி ஓடேக்க போன் எடுக்கக்கூடாது. சட்டம்."

"ஏழு நாற்பதுக்கு ஒருக்கா. ஏழு நாற்பத்திரண்டுக்கு ஒருக்கா. ஏழு ஐம்பதுக்கு ஒருக்கா. அம்மாவின்ர போனில இருக்கு. கை விறைக்கத் தொடங்கினவுடன உங்களுக்குத்தான் அடிச்சிருக்கிறா. எனக்கில்லை. உங்களுக்கு. அடுத்த நாள் காலமை நான் வந்துதான் கண்டனான், குசினி நிலத்தில."

"நான் ஓடிக்கொண்டிருந்தன் பிள்ளை."

"வினிபெக்கில எங்க ஓடினனீங்கள்?"

தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளிவைத்தேன்.

"எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு அப்பா. அந்த வினிபெக் பொம்பிளை எங்கட வீட்டு நம்பருக்கு எடுத்தவ. போனைத் தூக்கினது நான். உங்களோட கதைக்க வேணுமெண்டு கேட்டா, பேர் சொல்லி. பின்னால அம்மா நிண்டவ, என்ர முகத்தைப் பார்த்தே விளங்கிட்டா. அதுக்குப் பிறகுதான் மலை பார்க்க வாறனெண்டு கேட்கிறதை அம்மா நிப்பாட்டினவ. நீங்கள் மறந்திட்டியள் எண்டு நினைக்கிறியள். அம்மா மறக்கேல்ல."

தேத்தண்ணி ஆறிக்கிடந்தது. எழும்பி வந்துவிட்டேன்.

மே 23, வியாழன்

நிலவறையில் பழைய கொப்பிகள் எல்லாம் ஆண்டு வாரியாக இருக்கின்றன. நவம்பர்க் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். பின்னேரம் ஐந்து முப்பதுக்கு வினிபெக். வண்டி நின்றது. பத்து மணி நேரம் ஓய்வு.

ஏழு நாற்பதுக்கு வண்டி ஓடவில்லை. போன் மேசையில் கிடந்தது. பவளத்தின் பெயர் தெரிந்தது. சத்தத்தை நிறுத்தித் திருப்பிவைத்தேன். மூன்று தடவையும். கடைசிப் பயணம், அந்தப் பெண்ணிடம் விடைபெற்றுக்கொண்டு போய்விடலாம் என்றுதான் அங்கே போனேன். அதை யாரிடம் சொல்வது?

எழுதிவிட்டேன். எழுதினால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை.

மே 24, வெள்ளி

ஒன்றுமில்லை.

ஜூன் 2, ஞாயிறு

ட்ரெய்லரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஒரு இளம் கணவனும் மனைவியும். அவர்களுடைய ட்ரக் நீளப் பெட்டி. பின்னால் வைத்து மாட்டிப் பார்த்தோம். முழுதாகத் திரும்பினாலும் மூலைக்கும் கபினுக்கும் இடையில் ஒரு ஆள் நிற்கலாம். மட்டமும் தானாகவே சரியாக வந்தது. ஒரு துளையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பின்னால் ஏன் வைத்தியசாலைக் கட்டில் என்று அந்தப் பெண் கேட்டாள். கழற்றித் தருகிறேன் என்றேன்.

போகும்போது ட்ரெய்லரின் மூலையில் அந்தக் கீறலைக் கண்டு அவன் விரலால் தடவினான். நான் சொல்லுமுன் "பெயின்ற் அடிக்கலாம்," என்றான்.

ஜூன் 6, வியாழன்

மயூரதி வரச்சொல்லி அழைத்தாள். கிளேரும் வந்திருந்தாள். மயூரதிக்கு வேலையும் இரண்டு பிள்ளைகளும், தாயைத் தொடர்ந்து வைத்திருக்க முடியாது. முடிவெடுக்க வேண்டும், அதை அம்மாவே எடுக்கட்டும் என்றாள்.

பவளம் கதிரையில் இருந்தாள். முகம் தெளிந்திருந்தது. மூன்று கிழமையில் புதுச் சொற்கள் வந்துவிட்டனவாம். "மயூ" என்கிறாளாம். "தண்ணி", "சூடு", பேரப்பிள்ளைகளைக் கண்டால் "வாங்கோ". கிளேர் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். எனக்கும் சந்தோஷம் என்றேன். என்னைக் கண்டவுடன் பவளம் வாயை மூடிக்கொண்டதை மயூரதி கண்டாள். கிளேர் காணவில்லை.

மேசையில் மூன்று படங்கள் வைத்தார்கள். ஒன்று பிரம்டனில் எங்கள் வீடு. வாசலில் நான் நிற்கும் படம், மயூரதி தேடிப்பிடித்து எடுத்திருக்கிறாள், அது அவளுடைய நேர்மை. இன்னொன்று மயூரதியின் வீடு. மூன்றாவது பராமரிப்பு இல்லம், அவள் இதுவரை கண்டிராத இடம். மஞ்சள் சுவர், ஒரு யன்னல், அந்நியர் இருவர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, எங்க இருக்க விருப்பம்? ஆறுதலா யோசியுங்கோ."

பவளம் ஆறுதலாக யோசிக்கவில்லை. மயூரதியின் வீட்டுப் படத்தை முதலில் தொட்டாள், மகளின் முகத்தைப் பார்த்தாள், தலையை ஆட்டி அதை விட்டுவிட்டாள். பாரமாக இருக்க விருப்பமில்லை. பிறகு மஞ்சள் சுவர்ப் படத்தை இடது கையால் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டுப் படத்தை அவள் தொடவே இல்லை. தள்ளிவிடக்கூட இல்லை. மேசையில் கிடந்தது, நான் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

"பவளம்," என்றேன். "நான் நல்லாப் பார்ப்பன். வேலைக்கும் போறதில்லை. எப்பவும் வீட்டிலதான் நிப்பன்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "வேண்டாம்," என்றாள். மெதுவாக, கோபமில்லாமல், விளங்காத ஒருவனுக்கு விளங்கப்படுத்துவதுபோல. அது மேலே போகவுமில்லை, கீழே விழவுமில்லை. இவ்வளவு நாளும் நான் கேட்டதில் இதைப்போல் தெளிவான ஒரு சொல் இல்லை.

இல்லத்துப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தேன்.

ஜூன் 15, சனி

உடுப்பு, போர்வை, பிள்ளையார் படம், அவளுடைய மூக்குக்கண்ணாடி. ஒரு பெட்டிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. முப்பத்தேழு வருடக் குடித்தனம். இல்லத்தில் கொண்டுபோய்ப் படுக்கவிட்டோம். அறையில் இன்னொரு பெண் இருக்கிறா, போர்த்துக்கல் நாட்டுக்காரி, மரியா. ஆங்கிலமும் சரியாகத் தெரியாது. பவளத்தைப் பார்த்துக் கையை ஆட்டினா. பவளம் இடது கையை உயர்த்தினாள்.

ஜூன் 22, சனி

போனேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் இருந்தேன். இமை ஆடியது.

ஜூன் 25, செவ்வாய்

போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கொண்டுபோன இடியப்பத்தைத் தாதியிடம் கொடுத்தேன். நான் வெளியேறிய பிறகு சாப்பிட்டாவாம்.

ஜூலை 2, செவ்வாய்

ட்ரெய்லரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாசல் வெறுமையாக இருக்கிறது. அந்த இடத்துப் புல் மஞ்சளாகிவிட்டது.

பின்கண்ணாடி மாற்றியாயிற்று. புதுக் கண்ணாடி மிகத் தெளிவு.

ஜூலை 9, செவ்வாய்

பின்னேரம் மூன்று மணிக்கு இல்லத்துக்குப் போனேன். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போகுமுன் நின்றேன். மரியா தன் பாஷையில் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தா. பவளம் சிரித்தாள்.

முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். அவள்தான். தலையைப் பின்னால் சாய்த்து, வாய் ஒரு பக்கம் கோணி, தோள் குலுங்க. மரியா கையால் எதையோ நடித்துக் காட்ட, மறுபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எப்போது கடைசியாகக் கேட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். அகப்படவில்லை. கேட்டிருக்கிறேனா என்றே நிச்சயமில்லை. நான் வீட்டில் நின்ற நாட்கள் குறைவு.

கதவைத் தள்ளவில்லை. நடைபாதையிலிருந்த கதிரையில் இருந்தேன். நான் உள்ளே போனால் அது நின்றுவிடும்.

அந்தப் பக்கமாகத் தள்ளுவண்டியோடு வந்த தாதி என்னைக் கண்டு நின்றாள். ஏன் வெளியே இருக்கிறீர்கள், உள்ளே போங்கள் என்றாள்.

"மனைவி நித்திரை," என்றேன்.

உள்ளே அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். தாதிக்கும் அது கேட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.